தரவுக்கு முன் வரைந்த கோடு

1

இந்தக் கதை கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட, ஒட்டுக்கேட்டேன் என்பதே சரி. பக்கத்து மேசையில், கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "கிராஃப் ரெடிலா. இனி டேட்டா வந்தா போதும்."

மேசையே சிரித்தது. சொன்னவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் பத்திரிகைக்குச் செய்தியாக எழுதியிருப்பேன்.

2

முதல் தொடக்கம்: "ஆலோசனை நிறுவனத்தின் முப்பதாவது மாடியிலிருந்து தாமரை கீழே பார்த்தபோது கோலாலம்பூர் ஒரு"

ஒரு என்ன? வந்த உவமையெல்லாம் யாரோ பயன்படுத்திவிட்டுப் போனது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கத்தில் தாமரையின் அப்பா டெங்கியில் இறந்தார். அதனால் அவள் ஆலோசகர் வேலையை உதறிவிட்டு, டெங்கிச் சோதனைக் கிட் தயாரிக்கும் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றுக்குத் தலைமையேற்றாள். மறுபடி படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ஒருத்தி வேலை மாற அப்பாவைக் கொல்ல வேண்டுமா? அவரை உயிர்ப்பித்து காஜாங்கில் குடிவைத்தேன். இந்தக் கதையில் அவருக்கு வேறு வேலை இல்லை.

உண்மைக் காரணம் சின்னது. தாமரை பல ஆண்டுகள் கம்பெனி கம்பெனியாகப் போய், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்னது பலித்ததா என்று தெரிவதற்குள் அடுத்த கம்பெனி. ஒரு தடவையாவது கடைசிவரை இருந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

(கூட வேலை பார்த்த வாசு இதை நம்பவில்லை. "லேப் கோட்டு போட்டா போட்டோல நல்லா விழும்னு போறே, இல்ல?" என்றான். தாமரை மறுக்கவில்லை.)

3

"கிள்ளான் ஆற்றைப் பார்த்தபடி அவள் தன் புதிய அறையில்"

இல்லை. அந்த அறையிலிருந்து ஆறு தெரியாது. போர்ட் கிள்ளானுக்குப் போகும் கண்டெய்னர் லோரிகள்தான் தெரியும்.

அவள் தலைமையேற்ற நிறுவனத்தின் டெங்கி கிட் குளிர்பெட்டி இல்லாத உட்புறக் கிராமக் கிளினிக்குகளுக்குப் போக வேண்டியது. ஓராண்டு வெக்கையைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால், காய்ச்சலோடு வருகிறவரிடம் டெங்கி இல்லை என்று பொய் சொல்லும்.

ஆலோசகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு.* தரவு வருமுன்பே ஸ்லைடைப் போட்டுவிடுவார்கள். தலைப்பு இருக்கும், கிராஃப் இருக்கும், அதில் ஒரு கற்பனைக் கோடும் இருக்கும். மூலையில் 'மாதிரி' என்று எழுதியிருக்கும். தரவு வந்ததும் கோட்டைத் திருத்திவிட்டு அந்தச் சொல்லை எடுத்துவிடுவார்கள். இதில் ஏமாற்று இல்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி, அவ்வளவுதான்.

தாமரையும் அப்படி ஒரு கோடு போட்டாள். கிட்டின் திறன், பன்னிரண்டு மாதம், ஏறக்குறைய சரிவே இல்லை. நிறுவனத்துக்குப் பணம் தரும் முதலீட்டு நிதிக்கு அனுப்புமுன் ஸ்லைடுகளைச் சுத்தம் செய்தபோது மூலையிலிருந்த சொல்லை எடுத்தாள். அங்கே நிறுவனச் சின்னம் வர வேண்டியிருந்தது. (முதல் வரைவில் பழியை வடிவமைப்பாளர் மேல் போட்டிருந்தேன். அது கோழைத்தனம்.) பழைய வேலையில், கை அந்தச் சொல்லை எடுக்கும் நேரத்துக்குள் தரவு வந்துசேர்ந்திருக்கும். இங்கே ஒரு வருடச் சோதனைக்கு ஒரு வருடம் ஆகும்.

* எழுதுகிறவர்களிடமும் உண்டு. இந்தக் கதையின் முடிவை நான் முதல் நாளே எழுதிவிட்டேன்.

4

ஆய்வுக்கூடத்தை நடத்தும் ஜரீனா அந்த ஸ்லைடைப் பார்த்தது, அது போய்ச் சேர்ந்த பிறகு.

"பாஸ், இந்தக் கோடு எங்கேர்ந்து வந்துச்சு?"

"நான் போட்டது. டம்மி."

"டம்மின்னு எங்கயும் காணோமே."

"எடுத்துட்டேன் போல."

"போலவா? டெஸ்டுக்கு நம்ம கிட்டு சூட்டுப் பெட்டிக்குள்ள போயி இப்பத்தான் ஏழாவது மாசம் நடக்குது. நீ பன்னெண்டு மாசத்துக்கு இழுத்து வெச்சிருக்கே. உன்ன மாதிரி ரெண்டு பேரு இருந்தா லேப்பே வேணாம்லா."

ஜரீனா தன்னிடமிருந்த ஆறு மாத அளவுகளை அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். ஆறு புள்ளிகளும் கோட்டிலேயே உட்கார்ந்தன.

"சனியன், பொருந்துதே" என்றாள்.

"வியாழக்கிழமை நிதிக்காரர் கமலநாதனப் பாக்கப் போறேன். சொல்லிடறேன்."

"சொல்லு. நிதிய நிறுத்துவாங்க. டெஸ்ட் பாதியில நிக்கும். அப்புறம் உன் கோடு சரியா தப்பான்னு யாருக்குமே தெரியாது."

"சொல்லாட்டி?"

"அஞ்சாறு மாசத்தில தெரிஞ்சிரும். அதுக்குள்ள கிட்டை வெளிய அனுப்புன்னு அவங்க கேட்டா..."

ஜரீனாவை இந்தக் கதையின் மனசாட்சியாக வைக்கத்தான் நினைத்திருந்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை. அவளுக்கும் அந்தச் சோதனையை முடித்துப் பார்க்க ஆசை.

5

முடிவு அ (மாதிரி): தாமரை சொல்லிவிடுகிறாள். கமலநாதன் எழுந்து கைகுலுக்கி, அவள் நேர்மையைப் பாராட்டி, நிதியைத் தொடர்கிறார்.

(செய்தி எழுதித் திரிந்த இத்தனை ஆண்டுகளில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.)

முடிவு ஆ (மாதிரி): தாமரை சொல்லவில்லை. பன்னிரண்டாம் மாதமும் புள்ளி கோட்டிலேயே விழுகிறது. யாருக்கும் கேடில்லை.

இதுதான் நான் முதல் நாள் எழுதியது. படிக்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் கிட்டைக் கேட்காமல் இழுத்த கோடு அது.

முடிவு இ: எட்டாவது மாதம்

6

வியாழக்கிழமை தாமரை கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினாள். முதலீட்டு நிதியின் அலுவலகம் அங்கிருந்து நடக்கிற தூரம். கமலநாதன் அவளுக்கும் சேர்த்துப் பாலில்லாத தேநீர், தே ஓ, வரவழைத்திருந்தார்.

"உண்மையச் சொல்றேன் தாமரை, மத்த ஸ்லைடு ஒண்ணும் எனக்கு வெளங்கல. இந்தக் கோடுதான் எங்க கமிட்டியக் கவுத்திருச்சு. ஒரு வருஷ சூடு, அசையவே இல்ல பாருங்க! அடுத்த மாசமே கிட்டை சபா மாநில உள்பக்கத்துக்கு அனுப்பிடலாம்தானே?"

"அது..."

"ஃபைலுக்கு ஒரு சைன் மட்டும் போட்டுக் குடுங்க."

அச்செடுத்த ஸ்லைடை அவள் பக்கம் நகர்த்தினார். தாமரை பேனாவைத் திறந்தாள். தாளின் அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. மேல் மூலையில் நிறுவனச் சின்னம். அதற்குக் கீழே, எடுத்துவிட்ட அந்தச் சொல்லை மறுபடி எழுத இடம் இருந்தது.

அப்போது மேசைமேல் அவள் கைப்பேசி அதிர்ந்தது. ஜரீனா. ஏழாவது மாத அளவு இன்று வர வேண்டியது.

தாமரை கைப்பேசியை எடுத்தாள். பார்க்காமல் கவிழ்த்து வைத்தாள்.

அந்தச் செய்தியில் என்ன இருக்கிறது என்று நான் இன்னும் எழுதவில்லை. எழுதப்போவதுமில்லை. அவளைப் போலவே நீங்களும் அதைப் பார்க்காமல்தான் முடிவு செய்ய வேண்டும்.

கமலநாதன் தே ஓவை உறிஞ்சியபடி காத்திருக்கிறார். பேனாவைப் பிடியுங்கள்.