மவுரீனின் கைராசி

புக்கிட் பெருந்துங் சனிக்கிழமைச் சந்தையில் மவுரீன் பதினோரு வருடமாகக் கீரை விற்கிறாள். எல்லாம் கலும்பாங்கில் வீட்டுக்குப் பின்னால் அவளும் புருஷன் அந்தோனியும் பாத்தி கட்டிப் போட்ட கீரை. ஆரம்பத்தில் அங்கே ஆறே மேசைகள். விற்க வந்தவர்களே ஒருவர் பொருளை ஒருவர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன காலம் அது. இப்போது என்னவென்றால் ரவாங் பட்டணத்திலிருந்துகூடக் காரில் வந்து இறங்குகிறார்கள். விளைவித்தவர் கையாலேயே வாங்கினால்தான் அவர்களுக்குத் திருப்தியாம். நமக்கும் ஒரு காலம் வந்தது என்று மவுரீன் நிமிர்ந்து உட்கார்ந்த நேரம் பார்த்து எதிர் மேசைக்கு மாலா வந்து சேர்ந்தாள்.

மாலா செம்பனைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருப்பவள். செம்பனைக் குலை ஏற்றிப்போன லோரி கவிழ்ந்து புருஷன் சுகுமாறன் செத்து இரண்டு வருடமாகிறது. அவள் கொண்டுவந்ததும் அதே தண்டுக்கீரை, அதே பொன்னாங்கண்ணி, அதே முருங்கை. முதல் மாதம் முழுக்க ஈ ஓட்டினாள். பாவம் என்று மவுரீன் அவளுக்குக் குடிக்க மைலோ வாங்கிக் கொடுத்தாள், கட்டு எப்படிக் கட்டுவது என்றுகூடச் சொல்லிக் கொடுத்தாள். எதிரில் இருப்பவர் தோற்றுக்கொண்டிருக்கும்வரை இரக்கப்படுவது மவுரீனுக்குச் சுலபம்.

இரண்டாவது மாதம் மாலாவின் மேசைக்கும் ஓரிருவர் வரத் தொடங்கினார்கள். பதினோரு வருடமாக மவுரீனிடமே வாங்கிய சின்னத்தாய்கூட ஒரு நாள் இந்தப் பக்கம் தலையைத் திருப்பாமலே அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"அவ போட்ட கீரையே இல்ல அது. பாசார் போரோங் மொத்தச் சந்தையில எடுத்தாந்து கட்டுக் கட்டி விக்கிறா லா" என்றாள் அந்தோனியிடம்.

"நீ பாத்தியா?"

"பாக்கத்தான் போறேன்."

சொந்தமாக விளைவித்ததை மட்டுமே அங்கே விற்கலாம். வெளியில் வாங்கி விற்றது தெரிந்தால் மேசையைத் தூக்கிவிடுவார்கள். அதனால் மவுரீன் வாராவாரம் ஆள் சேருவதற்கு முன்பே எதிர் மேசைக்குப் போய் ஒரு கட்டு வாங்கினாள். வேனுக்குப் பின்னால் நின்று அதைப் பிரித்து வேரை முகர்ந்தாள், தண்டை ஒடித்தாள், இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேரில் தோட்டத்து மண்தான் ஒட்டியிருந்தது. போதாக்குறைக்கு மவுரீனின் கீரையைவிடத் தளதளவென்றும் இருந்தது. அந்த எரிச்சலில் ஒரு தடவைகூட அதைச் சமைக்கவில்லை. எல்லாம் கோழிக்குப் போனது. மாலாவின் மேசையோ ஒன்பது மணிக்கெல்லாம் காலியாகத் தொடங்கியது.

இப்படி இருக்கும்போதுதான் சந்தைக்குக் கூரை போட்டார்கள். கூரைக்குக் கீழே கீரைக்கென்று ஒரே ஓர் இடம். மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்து பார்த்து, நன்றாக விற்பவருக்கு அதைக் கொடுப்பதாகச் சந்தை அதிகாரி சொல்லிவிட்டார். மற்றவர் வேறு சந்தை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்கு முந்திய வாரம் மவுரீன் வழக்கம்போலக் கட்டு வாங்கப் போனாள். மாலா காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க, ஒன்னு சொல்றேன். ஒங்க கை அவ்ளோ ராசிக்கா. நீங்க வந்து மொத போணி பண்ண அன்னிலேருந்துதான் எனக்கு யாவாரமே. இப்பல்லாம் நீங்க வாங்காம நான் ஒருத்தருக்கும் விக்கிறதில்ல."

"சே, அதெல்லாம் மூடநம்பிக்க லா. நான் மாதா கோயிலுக்குப் போறவ, இதெல்லாம் நம்புறதில்ல" என்று சிரித்து வைத்தாள் மவுரீன்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் வாரங்களை எண்ணிக்கொண்டே வந்தாள். யோசித்துப் பார்த்தால், வேவு பார்க்கப் போன அந்த வாரத்திலிருந்துதான் மாலாவுக்கு விற்பனை ஏறியது. நடுவில் ஒரு சனிக்கிழமை மகள் கெய்ட்லினுக்குக் காய்ச்சல் என்று இவள் சந்தைக்கே வரவில்லை. அன்று மாலாவுக்குப் பாதிக் கீரை மிஞ்சியதாம். கெடுக்கப் போன கையே அவளை வாழவைத்திருக்கிறது. அவ்வளவு ராசி இருந்தால் அது முதலில் சொந்த மேசைக்கல்லவா உதவியிருக்க வேண்டும்?

கடைசிச் சனிக்கிழமை மவுரீன் இடத்தைவிட்டு அசையவில்லை. கட்டிய கட்டையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள்.

"என்னா, இன்னிக்கி அங்க போவலியா?" என்றான் அந்தோனி.

"கால் வலிக்குது."

எதிரே மாலாவின் மேசைமுன் ஆள் சேர்ந்துவிட்டது. "கொஞ்சம் இருங்க, அக்கா வந்துருவாங்க" என்று அவள் எல்லாரையும் நிறுத்தி வைத்தாள். கால் மணி போனது, அரை மணி போனது. நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முதலில் சின்னத்தாய்தான் இந்தப் பக்கம் வந்தாள், அவள் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். ஒன்பது மணிக்கு மவுரீன் மேசையில் ஒரு தண்டுகூட மிச்சமில்லை. அதிகாரி இரண்டு மேசையையும் பார்த்துவிட்டு அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

மாலா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "கால் வலின்னு அண்ணன் சொன்னாரு. அத வச்சிக்கிட்டு நின்னுக்கிட்டே விக்கிறீங்களே. எடம் ஒங்களுக்குக் கெடச்சதுல எனக்கும் சந்தோஷம்தாங்க்கா." தோற்றுப்போன இடத்திலும் இவளால் இப்படிப் பேச முடிகிறதே என்று மவுரீன் அதற்கும் பொறாமைப்பட்டாள்.

புதுக் கூரைக்குக் கீழே முதல் சனிக்கிழமை. மவுரீன் கீரையை அடுக்கி முடிக்கவில்லை, மாலா வந்து நின்றாள். தலை குளித்து, நல்ல உடுப்புப் போட்டு, கையில் ஐந்து வெள்ளி நோட்டோடு வந்திருந்தாள்.

"எனக்கு எத்தன வாரம் போணி பண்ணீங்க! ஒங்க புது எடத்துல மொத போணி நான்தாங்க்கா."

மவுரீன் நோட்டைப் பார்த்தாள். தான் செய்த காரியத்துக்கு மாலாவின் கை என்ன ராசியைக் கொண்டுவரும் என்று பயந்தாள். போணியாவது ராசியாவது என்று சிரித்த அதே வாய்தான் இப்போது பேசியது.

"கொஞ்சம் பொறு மாலா. வேற யாராச்சும் மொதல்ல வாங்கட்டும்."

சுகுமாறன் போனதிலிருந்து எத்தனை கடையில், எத்தனை கல்யாண வீட்டில் மாலா இதே வார்த்தையைக் கேட்டிருப்பாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு ஓரமாகத் தள்ளி நின்றாள். யாரோ ஒருவர் வந்து முருங்கைக்கீரை வாங்கிப் போனார். மவுரீன் இருப்பதிலேயே நல்ல கட்டாக எடுத்து, "இந்தா, இப்ப வாங்கிக்க" என்று நீட்டினாள்.

மாலா அதை வாங்கவில்லை.

"அப்ப நீங்களும் ராசி பாக்குறவங்கதான். அன்னிக்கி நீங்க வேணும்னேதான் வரல."

இல்லை என்று சொல்ல மவுரீன் வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த ஆள் கை நீட்டவே, காசை வாங்கத் திரும்பினாள்.