மீதிப் பாதி

மாடுகளைக் கறந்து மலைக்கு ஓட்டிவிட்ட நேரம். ஜாஸ்குல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமனாரின் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகவே ஊற்றினாள். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம்.

"பாதின்னு சொல்லிடு," என்றாள் மாமியார் புருல்சா. "டாக்டரம்மா எப்படிக் கேட்டாலும் பாதிதான். காதுல விழுந்துச்சா?"

ஜாஸ்குல் தலையசைத்தாள்.

"முழுசா எடுத்தா சாகுறவரைக்கும் மாத்திரையாம். தினம் விடிஞ்சதும் நீ மாத்திரை முழுங்கிட்டு நிக்கிறதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்தா என்ன சொல்லுவா? சீக்காளியைக் கட்டிட்டு வந்துட்டாங்கம்பா. நீ இன்னும் ஒரு ஆம்பளப் புள்ள பெத்துக் குடுக்கணும், நெனப்பிருக்கட்டும்."

"சீக்கிரம் கெளம்பச் சொல்லு," என்றார் மாமனார், மனைவியைப் பார்த்து. "மதியத்துக்குள்ள திரும்பணும். வெட்டின புல்லெல்லாம் வெளியில கெடக்கு."

ஜாஸ்குல் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். மாமனார் மருமகளிடம் நேராகப் பேசமாட்டார். மருமகள் அவர் பெயரை வாயால் சொல்லக்கூடாது. அவர் பெயர் தாஷ்போலோத். அவர்கள் மொழியில் 'தாஷ்' என்றால் கல். அதனால் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் கல்லைக் கல் என்று சொன்னதில்லை. மகள் பெகாயிம் தடுக்கி விழுந்தால்கூட, "கெட்டியானது குத்திடுச்சா கண்ணு?" என்றுதான் கேட்பாள்.

கழுத்தில் அந்தக் கட்டியை முதலில் தொட்டது போன வருஷம், ஆடுகள் குட்டி போடும் காலத்தில். தலைத்துணியை முடிச்சுப் போடும்போது விரலில் பட்டது. வாதுமைக் கொட்டை அளவு. மாமியாரிடம் சொன்னாள்.

"குட்டி போடுற காலம் முடியட்டும்," என்றாள் புருல்சா.

அது முடிந்தது. ரோமம் கத்தரிக்கும் காலம் வந்தது. பிறகு புல் அறுப்பு. பிறகு பனி விழுந்து பாதை மூடிக்கொண்டது. மாஸ்கோவில் கட்டட வேலை செய்யும் கணவன் போனில் கேட்டான். "அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன? அம்மா பாத்துக்குவாங்க."

மறுபடியும் ஆடுகள் குட்டி போட்டன. ஜாஸ்குல் தலைத்துணியைக் கழுத்து மறையும்படி இறக்கிக் கட்டினாள். மாமியார்தான் அப்படிக் கட்டச் சொன்னாள்.

இந்தக் கோடையில் மாமனாருக்கு அறுபது வயது நிறைந்த விருந்து. வந்தவர்களில் பெரிய விருந்தாளிக்குத்தான் ஆட்டுத்தலையை வைப்பார்கள்; அன்று அது நகரத்திலிருந்து வந்த ஒரு டாக்டருக்கு. ஜாஸ்குல் குனிந்து சாறு ஊற்றும்போது துணி நழுவியது. டாக்டர் கத்தியைக் கீழே வைத்தார்.

"தாஷ்போலோத், உன் மருமக கழுத்துல என்னய்யா அது?"

ஊரே உட்கார்ந்திருந்தது. யாரும் மெல்லவில்லை. மறுநாளே கார் நகரத்துக்குக் கிளம்பியது. ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்தார்கள். புற்று என்றார்கள்.

இன்று முடிவு சொல்ல வேண்டிய நாள்.

அறுவை மருத்துவர் குல்சைராவின் அறையில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்தார்கள். மாமனார் கம்பளித் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

"குதிரை முதுகுல சேணம் ரெண்டு பக்கமும் தொங்குதுல்ல? அந்த மாதிரிதான் இந்தத் தைராய்டு, மூச்சுக்குழாய் மேல இருக்கு," என்றாள் குல்சைரா. "உனக்குக் கட்டி எடது பக்கம் மட்டும்தான். வேற எங்கயும் பரவின மாதிரி தெரியல. வயசும் சின்ன வயசு. பாதி எடுத்தாப் போதும்னு நான் நெனக்கிறேன். மிச்சப் பாதி வேலை செய்யும். மாத்திரை தேவைப்படாமலே போகலாம். முழுசா எடுத்தா ஆயுசுக்கும் மாத்திரை. குரல் நரம்பு ரெண்டு பக்கமும் இருக்கு, ரெண்டு பக்கமும் கத்தி போகும். ஆபத்து கம்மிதான். ஆனா இருக்கு."

"பாதிதான்," என்றாள் புருல்சா. "வீட்லயே முடிவு பண்ணிட்டோம்."

"நான் அவகிட்ட கேக்குறேன், அம்மா."

"அவகிட்ட கேக்க என்ன இருக்கு? அவ எங்க வீட்டு மருமக."

"கழுத்து அவளோடது."

ஜாஸ்குல் மடியிலிருந்த கைகளைப் பார்த்தபடி கேட்டாள். "மிச்சப் பாதியில திரும்ப வராதா?"

"வரலாம். நெறையப் பேருக்கு வர்றதில்ல. வருஷா வருஷம் நீ இங்க வந்து ஸ்கேன் எடுக்கணும். கட்டி திரும்ப வந்திருந்தா அந்தப் பாதியையும் எடுத்துடலாம். நீ வந்து காட்டணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஜாஸ்குல் கணவாய்ப் பாதையை நினைத்தாள். காரின் சாவி மாமனாரின் இடுப்பில் இருந்தது. ஆடுகள் ஒவ்வொரு வருஷமும் குட்டி போடும். புல் ஒவ்வொரு வருஷமும் வளரும்.

"முழுசா எடுத்துடுங்க," என்றாள்.

"அடியே!" புருல்சா அவள் முழங்கையைப் பிடித்தாள். "காலைல என்ன சொன்னேன்? மண்டையாட்டினியே!"

"ஆட்டினேன் அத்தை."

குல்சைரா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "யோசிச்சுச் சொல்லும்மா. நல்லா இருக்குற பாதியை எதுக்கு வெட்டணும்? முழுசா எடுத்தாலும் அப்பப்ப ரத்தம் பாக்கணும்."

"ரத்தம் எடுக்க எங்க ஊர் நர்ஸக்கா போதும். கார் வேணாம்."

"மாத்திரை?"

"அத பக்கத்து வீட்டுக்காரி கண்ணுல படாம மாவு மூட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்குவேன். ரெண்டாவது ஆபரேஷனை எங்க ஒளிக்கிறது?"

"குரல் போச்சுன்னா?"

ஜாஸ்குல் மகளை நினைத்தாள். இரவில் பெகாயிமைத் தூங்கவைக்கப் பாடும்போது மட்டும்தான் அந்த வீட்டில் அவள் குரல் உயரும்.

"பாட்டு இல்லாமத் தூங்க என் பொண்ணு பழகிக்குவா," என்றாள். "நான் இல்லாம இருக்க அவ பழகக்கூடாது."

"எங்க மானத்தை வாங்குறா," என்றாள் புருல்சா, வாசற்படியைப் பார்த்து. "கேட்டுட்டு நிக்கிறீங்களே!"

மாமனார் தொப்பியைத் திருப்பிப் பிடித்தார்.

"இங்க பாரும்மா," என்றாள் குல்சைரா. "பயத்துல முடிவு எடுக்காத. மறுபடி வரணும்னா, இப்ப உன்னைக் கூட்டிட்டு வந்தவரு அப்பவும் கூட்டிட்டு வருவாரு. இல்லையா, ஐயா?"

அவர் தொண்டையைச் செருமினார். குனிந்து தொப்பியைப் பார்த்தார்.

ஜாஸ்குல் எழுந்தாள். தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்தாள். கட்டி வெளியே தெரிந்தது. வாசற்படியின் பக்கம் திரும்பி, முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தாஷ்போலோத் மாமா, அடுத்த விருந்துக்கும் ஒரு டாக்டரைக் கூப்பிடுவீங்களா?"