ஜலஜா பார்த்த வீடு

மாடிப்படியின் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் சிக்கிக்கொண்டது. முன்னால் பிடித்திருந்தவர்கள் மேலே தூக்கிப் பார்த்தார்கள். பின்னால் இருந்தவர்கள் தாழ்த்திப் பார்த்தார்கள். மரக் கைப்பிடியில் இடித்ததே தவிரத் திரும்பவில்லை. அதில் கிடந்த ஜலஜாவின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. இரண்டு படி கீழே நின்றிருந்த வெங்கடநாராயணன், "பார்த்து, பார்த்து" என்றார். முப்பத்தொன்பது வருஷத்தில் மனைவிக்காக அவர் இப்படிப் பதறியது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"மேலே வேண்டாம். எங்க ஹால்ல படுக்க வைங்க" என்று கீழேயிருந்து வங்காளத்தில் சொன்னார் வீட்டுக்காரர் பிமலேந்து பாபு.

குடியிருப்பவர் வீட்டுச் சாவைத் தன் கூடத்தில் வாங்கிக்கொள்ளும் வீட்டுக்காரரை வெங்கடநாராயணன் கேள்விப்பட்டதுகூட இல்லை. வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். அதற்குள் சோபாவைச் சுவரோரம் தள்ளியாகிவிட்டது. சிவப்புத் தரையில் பாயை விரித்து, தெற்கே தலைவைத்து அவளைக் கிடத்தினார்கள். பிமலேந்து பாபு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணன் முறை வைத்துச் சொன்னார்.

"உட்காருங்க தாதா. அந்தக் காலோட நிக்காதீங்க."

உட்கார்ந்தார். எந்தக் கால் என்று கேட்கத் தோன்றவில்லை.

வெங்கடநாராயணன் வங்கியில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவர், அதில் பாதி வீட்டுக் கடன் பிரிவில். சொந்த வீட்டின் அருமையை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னவர். அப்படிப்பட்டவரிடம் போய், பைபாஸ் ஓரம் ஒன்பதாவது மாடியில் லிஃப்டும் காவலாளியுமாக இருந்த சொந்த ஃபிளாட்டை யாருக்காவது விட்டுவிட்டு, பவானிப்பூரில் ஒரு பழைய வீட்டு மாடிக்கு வாடகைக்குப் போகலாம் என்றாள் ஜலஜா. அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே நினைத்தார்.

"கொத்தமல்லி வாங்கக்கூட டாக்ஸி கூப்பிட வேண்டியிருக்கு. இது வீடா, லாட்ஜா?" என்றாள் அவள்.

தரகர்களை நம்பாமல் ஆறு மாதம் தானே அலைந்தாள். டாக்குரியாவில் பார்த்தாள், ஜாதவ்பூரில் பார்த்தாள், கடைசியில் இந்தச் சந்துக்கு வந்து நின்றாள். பச்சை மரக் கதவு போட்ட ஜன்னல்கள், தலைக்கு மேல் இன்னொரு ஆள் நிற்கும் உயரத்தில் கூரை. நடந்து போகும் தூரத்தில் சந்தை, மெட்ரோ, நூலகம், இரண்டு இனிப்புக் கடை.

"லிஃப்ட் கிடையாது. கட்டடத்துக்கு எண்பது வயசு. எந்த பேங்க்லயும் இதுக்கு லோன் குடுக்க மாட்டான்" என்றார் அவர்.

"நாம லோனா கேட்டோம்? சாயங்காலம் ரெண்டு பேரும் நாலு தெரு நடக்கலாம்னுதானே கேக்கறேன்."

பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனால் மனசுக்குள் ஒரு வீம்பு வைத்துக்கொண்டார். குடி வந்த நாற்பத்தொரு நாளில் அவர் கீழே இறங்கியது இரண்டே தடவை, இரண்டும் டாக்ஸியில். தினமும் ஐந்து மணிக்கு அவள் துணிப்பையோடு வாசற்கதவருகே நின்று, "வரேளா?" என்பாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ போயிட்டு வா" என்பார். இரண்டாம் தடவை அவள் கேட்டதில்லை. நேற்றும் கேட்கவில்லை. ஆறரை மணிக்குப் பிமலேந்து பாபு மூச்சிரைக்க மாடியேறி வந்தார். காய்கறிக் கடை முன்னால் பூசணிக்கீற்றை நிறுக்கச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போதே உயிர் இல்லை. அந்த ஒன்றரை மணி நேரம் அவர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கூடப் போயிருந்தால் தாங்கிப் பிடித்திருக்கலாம் என்பதை ராத்திரியிலிருந்து ஆயிரம் தடவை நினைத்தாகிவிட்டது.

வீட்டுக்காரரின் மனைவி, தெருவுக்கே அண்ணியான கல்யாணி பௌதி, அருகில் வந்து குனிந்தாள்.

"தாதா, ஜலஜா தீதியோட கல்யாணப் புடவை, அந்த அரக்குல மஞ்சக் கரை போட்டது, அதைத்தானே கட்டணும்?"

"எங்க இருக்குன்னு எனக்கு..."

"பீரோவுல கீழ்த்தட்டு. பழைய வேஷ்டியில சுத்தி வச்சிருக்காங்க. எனக்குக் காட்டினாங்களே." சாவிக்காகக் கையை நீட்டினாள். சாவி எங்கே இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியவில்லை. அதையும் அவளே போய்க் கண்டுபிடித்தாள்.

பத்து மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சாஸ்திரிகளும் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்கள் நாலைந்து பேரும் வந்தது சரி. மற்றவர்களையெல்லாம் அவர் பார்த்ததே இல்லை. இஸ்திரி போடுகிறவர், தயிர்க் கடைக்காரர், நூலகத்துப் பெண்மணி. ஒவ்வொருவராக ஜலஜாவின் காலைத் தொட்டுவிட்டு அவரிடம் வந்தார்கள். நாற்பத்தொரு நாளில் ஒரு மனுஷி இத்தனை பேரைச் சம்பாதிக்க முடியுமா என்று மலைத்துப் போனார்.

தெருமுனை மருந்துக்கடை ஹாராதன், ஐம்பது வயதுக்காரர், ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலையை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் குந்தி, சித்தப்பா முறை வைத்துக் கேட்டார்.

"அந்தத் தைலம் கேட்டுதா மேஷோமஷாய்? ராத்திரி சூடு பண்ணித் தேய்க்கச் சொன்னேனே."

ஆள் மாறாட்டம் என்று நினைத்தார் வெங்கடநாராயணன். வங்கியில் இதெல்லாம் சகஜம். அடுத்து வந்த பூக்காரி அழுதுகொண்டே அவரைப் பார்த்து, "ஹாட்டு கேமோன் ஆச்சே, பாபா?" என்றாள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். அவருடைய முழங்கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. அறுபத்தெட்டு வயதிலும் சம்மணம் போட்டு உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருப்பார்.

புடவையோடு இறங்கி வந்த கல்யாணி பௌதியிடம் தணிந்த குரலில் கேட்டார். "எல்லாரும் ஏன் என் முழங்காலைக் கேக்கறா?"

"கேக்காம? தினம் தீதிகிட்ட, தாதா ஏன் வரலைன்னு நாங்க கேப்போம். முட்டி வலி பாவம், இல்லேன்னா அவர்தான் எனக்கு முன்னால ஓடுவார்னு சொல்வாங்க. நடக்கறதுன்னா அவருக்கு உயிராம். தெருத்தெருவா அலைஞ்சு இந்த வீட்டைப் பார்த்ததே அவர்தானாம். வந்த நேரம் பார்த்து முட்டி இப்படிப் பண்ணிடுச்சேன்னு வருத்தப்படுவாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சீக்கிரம் சரியாயிடும், ஒருநாள் கூட்டிட்டு வரேன்னு நேத்துக்கூடச் சொன்னாங்க."

எனக்கு முட்டியில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் ஜலஜா பொய்க்காரி ஆகிவிடுவாள், அதுவும் இவ்வளவு பேருக்கு நடுவில், பேச முடியாமல் படுத்திருக்கும்போது. வாயை மூடிக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குள் தன் முகத்தைப் பார்க்காத மனிதனுக்குத் தெருவில் அவள் மரியாதை தேடி வைத்திருக்கிறாள். எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி ஒரு புருஷனை ஊருக்குச் சொல்லியிருக்கிறாள். அவர் கை தானாக முழங்காலுக்குப் போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த ஹாராதன் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து, காலை நீட்டிக்கொள்ளச் சொன்னார். நீட்டிக்கொண்டார்.

மகன் கிரீஷும் மருமகள் ஸ்மிதாவும் புனேயிலிருந்து ஒரு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். கிரீஷ் அம்மாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, யாருடையது என்றே தெரியாத அந்தக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். பிறகு உடைந்து அழுதான். பெண்கள் நலங்கு இட்டு, அரக்குப் புடவையை மடிசாராகச் சுற்றி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். வாய்க்கரிசி போடும் முறை வந்தபோது வெங்கடநாராயணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். இரண்டு பேர் ஓடிவந்து தாங்கினார்கள். அவர் மறுக்கவில்லை.

நாலு மணிக்குக் கேவ்ராதலா மின் மயானத்தில் எல்லாம் முடிந்தது. இரும்புக் கதவு மேலே ஏறி, அவள் உள்ளே போனதும் கீழே இறங்கியது. அவ்வளவுதான்.

திரும்பும்போது காரில் கிரீஷ் ஈர வேஷ்டியோடு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முன் சீட்டில் ஸ்மிதா.

"அப்பா, பதிமூணு நாள் காரியம் ஆனதும் நீ எங்களோட புனேக்கு வந்துடு. வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். நல்ல மனுஷராத்தான் இருக்கார், ஒப்பந்தம் அது இதுன்னு இழுக்க மாட்டார்."

வெங்கடநாராயணன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அம்மா மேல கோபம்தான் வரது. அங்கயே இருந்திருந்தா கீழ்த் தளத்துலயே டாக்டர், கேட்ல ஆம்புலன்ஸ். யார் சொல்லியும் கேக்காம பிடிவாதம் பிடிச்சு இந்த ஓட்டை வீட்டைப் பார்த்து..."

"அம்மா பார்க்கலை. நான்தான் பார்த்தேன்."

"நீயா?" கிரீஷ் திரும்பினான். "வாராவாரம் போன்ல அம்மாவை அந்தத் திட்டுத் திட்டினியே."

"திட்டினேன். வீடு பார்த்தது நான்தான்."

வீட்டுக் கடன் கேட்டு வருகிறவன் இதைவிட நன்றாகப் பொய் சொல்வான். கிரீஷ் அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தான். ஸ்மிதா திரும்பி, இப்போது வேண்டாம் என்று கண்ணால் ஜாடை காட்டினாள்.

"சரி. அப்ப தனியாவா இருக்கப் போறே?" என்றான்.

"பதினோரு மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

சந்தில் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் கார் முனையிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து வீட்டுக்கு நூறடி இருக்கும். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. பூக்காரி, தயிர்க் கடைக்காரர், இஸ்திரி போடுகிறவர் எல்லாரும் தத்தம் இடத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு முன்பே மயானத்திலிருந்து திரும்பிவிட்ட ஹாராதன், கடையின் பாதி திறந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்தார். கையைத் தட்டி ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார்.

"வேண்டாம். நடந்தே போறேன்" என்றார் வெங்கடநாராயணன் வங்காளத்தில்.

காரைவிட்டு இறங்கி நின்றார். சந்து முழுக்க அவரைப் பார்த்தது. அடியெடுத்து வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். எந்த முழங்கால் என்று ஜலஜா சொல்லியிருப்பாள்? வலதா, இடதா? அவளைத் தவிர வேறு யாரைக் கேட்பது?

"என்னப்பா? என்ன பண்றது?" என்று கிரீஷ் தோளைப் பிடித்தான்.

"மேஷோமஷாய், பள்ளம் இருக்கு" என்று ஹாராதன் அருகில் வந்தார். "இடது காலைப் பார்த்து வைங்க."

அவர் தலையாட்டினார். வலது காலை முன்னே வைத்து, இடது காலை மெல்ல இழுத்து அதன் பக்கத்தில் சேர்த்தார். பிறகு மறுபடியும் வலது காலை வைத்தார். பூக்காரி தன் கூடையை ஓரமாக நகர்த்தி அவருக்கு வழி விட்டாள்.