பதினேழாம் எண் வீட்டின் சராசரி

எங்கள் நகராட்சியில், வேறுபாடு நிரூபிக்கப்படாத இரண்டு தெருக்களை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துவிடுவார்கள். ஒரே கதவு எண்ணுள்ள வீடுகள் ஒரே வீடாகிவிடும். அதில் இருப்பவர்களின் வயதைக் கூட்டிச் சராசரி எடுத்து, ஆளுக்கு அதையே கொடுப்போம். ரேஷன் கார்டில் திருத்துவதும் சுலபம்.

வேறுபாடு உண்டா என்று சோதிப்பது என் வேலை. “வர்றேன்” என்று சொன்ன பிறகு ஒருவர் உண்மையில் கிளம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று வீட்டுக்கு ஒருவரை அளந்து எக்செல்லில் ஏற்றுவேன். பால்பண்ணைத் தெருவின் சராசரி ஒன்பது, மின்வாரியத் தெருவுக்கு ஆறு. வித்தியாசம் வெறும் தற்செயலா என்று பார்க்கும் டி-டெஸ்ட் கணக்கைப் போட்டால் 0.06 வந்தது. 0.05-க்குக் கீழே வந்தால்தான் தெருக்கள் தப்பும். பால்பண்ணைத் தெருவில் பதினேழாம் எண் மட்டும் பாக்கி.

அந்த வீட்டு இன்பவல்லி டீச்சர், வயது அறுபத்தொன்று, திங்கட்கிழமை ஆபீசுக்கே வந்துவிட்டார். மின்வாரியத் தெருவின் பதினேழில் இருப்பவர் அவருடைய அண்ணன் தணிகாசலம், அறுபத்தாறு. பதினோரு வருடமாகப் பேச்சில்லை.

“பெரியவர் அவர்தானே தம்பி, முதல்ல அவர்தான் வந்து பேசணும். மடிச்சிட்டீங்கன்னா பெரியவர்னு யாரைச் சொல்றது? என்னையும் அளந்துக்கோங்க. வித்தியாசத்தை நான் காட்டறேன். வர்றேன் தம்பி.”

சொன்னாரே தவிர, கிளம்பவில்லை. புதன்கிழமை மாலை நான்கு மணிவரை என் மேஜையருகில் நின்றார். கால் வீங்கியிருந்தது. பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. விதிப்படி நாற்காலி தரக் கூடாது.

மூவாயிரத்து இருநூற்று நாற்பது நிமிடம். கட்டத்தில் போட்டேன். தெருவின் சராசரி நூற்றுப்பதினாறைத் தாண்டியது. எண்டர் தட்டினேன். 0.31.

ஒருவர் மட்டும் எக்கச்சக்கமாக நின்றால் சராசரி ஏறும், தெருவுக்குள் ஏற்ற இறக்கமும் ஏறும். அப்புறம் எந்த வித்தியாசத்தையும் தற்செயல் என்று ஒதுக்கிவிடும் எக்செல். ஏழு நிமிடத்தில் கிளம்பியிருந்தால்கூட இவ்வளவு மோசமாகியிருக்காது. இதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வியாழனன்று மடித்தார்கள். இருவருக்கும் அறுபத்து மூன்றரை வயது. சனிக்கிழமை சேர்ந்து ஆபீசுக்கு வந்தார்கள். யார் முதலில் பேசியது என்று கேட்டேன்.

“சேர்ந்துதான் பேசினோம்,” என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

பிறகு மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினார்கள். ஒரே வயதாகிவிட்டதால் இவர்கள் இப்போது இரட்டையராம்; ஞாயிற்றுக்கிழமை இரட்டையருக்குக் காதுகுத்து. தாய்மாமன் உயிரோடு இல்லாததால், இரட்டையராக்கிய என் மடியில்தான் இருவரும் உட்கார வேண்டுமாம். வேட்டியை இஸ்திரிக்குப் போட்டிருக்கிறேன்.