வன்னிக் காட்டில் நாலாவது பக்கம்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை கோபாலசாமி சார் பஹ்ரைனில், குதைபியாவில் இருக்கும் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து இதை முக்கால்வாசி சொன்னார். மிச்சத்துக்கு வருவதற்குள் என் மனைவி சந்திரகலா காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க கதையெல்லாம் எழுதுவீங்களாமா. இதை எழுதுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து படிச்சுப் பாக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் ஏர்கண்டிஷனர் விற்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவன். சமையலறை அடுப்பை விடப் பெரிய நெருப்பைப் பார்த்ததில்லை. அவருக்கோ முடிவு தெரியும், எனக்குத் தெரியாது. தெரிந்தவர் படிக்கப்போகும் கதையைத் தெரியாதவன் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "1976ஆம் வருஷம், ஓமானின் வடக்கே, சோஹாருக்கு மேற்கில், மலையடிவாரத்துக் காட்டைப் பாதுகாக்கும் பொருட்டு..."

இது அரசாங்க அறிக்கை மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

இரண்டாவது: "நெருப்பு என்பது ஒரு

[அடித்துவிட்டேன். நெருப்பை எதனோடாவது ஒப்பிடக் கிளம்பினால் நிறுத்த முடியாது.]

மூன்றாவது: கோபாலசாமிக்குக் காற்றைப் பார்க்கத் தெரியும்.

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொண்டே மேலே போகிறேன்.

கோபாலசாமிக்குக் காற்றைப் பார்க்கத் தெரியும். நீலகிரி அடிவாரத்தில் ரேஞ்சராக இருந்தவர். அங்கே தை பிறந்ததும் காட்டின் ஓரத்தில் ஒரு பட்டை அகலத்துக்குக் காய்ந்த புல்லைத் தாங்களே கொளுத்திவிடுவார்கள். கோடையில் எவனாவது பீடித் துண்டைப் போட்டாலும் தீ அந்தக் கரிப்பட்டையைத் தாண்டி உள்ளே போகாது. காற்றுக்கு எதிராக வைத்த நெருப்பு தவழும். காற்றோடு வைத்த நெருப்பு ஓடும். தவழ்கிற நெருப்பை ஈரச் சாக்கால் அடித்து, வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அவர் தொழில் மொத்தமும் இவ்வளவுதான்.

(பாலைவனத்தில் ஏதய்யா காட்டுத்தீ என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்த வருஷம் குளிர்காலத்தில் மழை கொட்டியதாம். மரங்களுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குப் புல் முளைத்து, மார்ச்சில் சருகாகி நின்றதாம். பக்கத்து ரோட்டில் லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி டீ போட அடுப்பு மூட்டுவார்களாம். அவர் சொன்னதை எழுதுகிறேன். சரிபார்க்க எனக்கு வழி இல்லை.)

மரங்கள் எல்லாம் வன்னி. அரபிகள் அதை காஃப் என்பார்கள். முதல் நாள் அதைப் பார்த்தபோது, கோயில் பிராகாரத்தில் பார்த்த மரம் இங்கே காடாக நிற்கிறதே என்று கோபாலசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

3

அந்த ஓமான் காட்டுக்குத் தீப்பட்டை போட வந்தவருக்குக் காண்டிராக்டர் கொடுத்த ஆட்கள் பன்னீர்செல்வம் கோஷ்டி. விழுப்புரம் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளில் வேலை செய்தவர்கள். நல்ல உழைப்பாளிகள், சொன்னால் சொன்னதைச் செய்வார்கள். இன்னொருவன் பொன்னுச்சாமி. மூன்று நாளாகக் காய்ச்சல். டியூட்டிக்கு வராவிட்டால் சம்பளம் பிடிப்பார்களே என்று நடுங்கிக்கொண்டே வந்திருந்தான்.

இந்த இடத்தில் சந்திரகலா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"அந்தப் பையனுக்கு எதுக்குக் காய்ச்சலைக் கொடுத்தீங்க?"

"நான் எங்கே கொடுத்தேன்? அவனுக்கு நிஜமாவே காய்ச்சல்."

"எழுதாம விட்டுடுங்களேன். காய்ச்சல் இல்லன்னா அவன் மரத்தடில போய்ப் படுக்க மாட்டானே."

சரியாகத்தான் சொல்கிறாள். விட்டுவிட்டும் பார்த்தேன். அப்போது கோபாலசாமி ஒரு பட்டைப் புல்லைக் கொளுத்துகிறார், அணைக்கிறார், கேம்ப்புக்குத் திரும்பிச் சாப்பிடுகிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை எழுதி முடித்த பிறகு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத் தூக்கம் வந்தது என்பது உண்மை. காலையில் கிழித்துப் போட்டேன்.

ஆகவே காய்ச்சல். கோபாலசாமி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "நீ வேலை செய்ய வேண்டாந் தம்பி. அந்தப் பெரிய மரத்தடில போய்ப் படு. நெருப்பு அங்கெல்லாம் வராது, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித் தன் தண்ணீர் பிளாஸ்கையும் கொடுத்து அனுப்பினார். மரம் காட்டுக்குள்ளே நன்றாகத் தள்ளி இருந்தது. பட்டையோ ரோட்டோரத்தில். அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

4

காலைக் காற்று மேற்கே மலையிலிருந்து கிழக்கே ரோட்டைப் பார்த்து வீசியது. ரோட்டோரத்தில் நெருப்பு வைத்தார்கள். அது காற்றுக்கு எதிராக, முழங்காலுக்கும் கீழே, காட்டைப் பார்த்து மெல்லத் தவழ்ந்தது. பின்னால் தரை கரியாகிக்கொண்டே வந்தது. கோபாலசாமி நல்லபடியாக ஆரம்பித்ததில் சந்தோஷப்பட்டு, சாக்குகளை நனைக்க லாரிப் பக்கம் போனார்.

திரும்பியபோது ஆட்களைக் காணோம். எங்கே என்று அவர் தேடும்போதே பன்னீர்செல்வம் வடக்குப் பக்கத்திலிருந்து சிரித்துக்கொண்டே ஓடிவந்தான்.

"நாலு பக்கமும் வச்சிட்டோம் சார். இனிமே தாண்டாது."

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கரும்பு வெட்டி முடிந்ததும் கொல்லையில் காய்ந்த சோகை, அதாவது இலைச் சருகு, கிடக்கும். அதைக் கொளுத்தும்போது நாலு பக்கமும் வைப்பார்கள். நெருப்பு நடுவில் வந்து கூடி அவிந்துவிடும். பக்கத்துக் கொல்லைக்காரன் பயிர் பிழைக்கும். அடுத்தவன் பயிரைக் காப்பாற்றுகிற பழக்கம் அது. மிச்சக் காட்டைத்தான் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, பெரிய மரத்தையும் தாண்டிச் சுற்றிப் போய் நாலாவது பக்கத்திலும் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். மரத்தடியில் ஆள் படுத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. கோபாலசாமி சொல்லவில்லை. ஊரில் அவருடைய ஆட்களுக்கு எதையும் சொல்ல வேண்டியதே இல்லை.

"மரத்தடில பொன்னுச்சாமி இருக்கான்டா!"

பன்னீர்செல்வத்தின் சிரிப்பு எங்கே போனது என்று

[இந்த வாக்கியத்தை முடிக்கப் பிடிக்கவில்லை.]

மேற்கே வைத்த நெருப்பு காற்றோடு கிளம்பிவிட்டது. மனிதன் உயரத்துக்கு எழுந்து ஓடிவந்தது. பொன்னுச்சாமி அரைத் தூக்கத்தில் எழுந்து நின்றான். பின்னால் ஓடுகிற நெருப்பு. முன்னால், கோபாலசாமிக்கும் அவனுக்கும் நடுவே, தவழ்கிற நெருப்பு. தெற்கே மட்டும் புல் இன்னும் மஞ்சளாக, திறந்த வாசல் மாதிரி கிடந்தது. எவனும் அங்கேதான் ஓடுவான். ஆனால் அங்கேயும் ஓரத்தில் நெருப்பு வைத்தாகிவிட்டது. பாதி வழியில் காற்றோடு வருகிற நெருப்பு அவனை எட்டிவிடும். கோபாலசாமிக்கு அது கண்ணாடியில் தெரிவது போலத் தெரிந்தது. பிழைக்க ஒரே வழிதான். தவழ்கிற நெருப்பைத் தாண்டி, எரிந்து முடிந்த கரித்தரைக்கு வந்துவிட வேண்டும். எரிந்த இடம் மறுபடி எரியாது.

"நெருப்புக்குள்ள வா! என்னப் பாத்து வா! சட்டையக் கழட்டிட்டு வா!"

அவன் போட்டிருந்தது, துபாயில் தேராவில் தங்கியிருந்தபோது வாங்கிய பாலியெஸ்டர் சட்டை. தீப்பட்டால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

"தெக்க போகாதடா! இங்க வா, நெருப்புக்குள்ள வா!"

பொன்னுச்சாமி அவரைப் பார்த்தான்.

இங்கேதான் காபி வந்தது.

5

முடிவு அ: அவன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தான். கால் வெந்தது, உயிர் தப்பியது. நிஜத்தில் அவன் செத்திருந்தால், இதைப் படிக்கும் கோபாலசாமி என்னை என்னவென்று நினைப்பார்?

முடிவு ஆ: அவன் தெற்கே ஓடினான். நிஜத்தில் அவன் உயிரோடு இருந்தால், நல்லபடியாக முடிந்த ஒன்றை நானாகக் கெடுக்கிறேன். ஓடித்தான் செத்தான் என்றால், அந்த மனிதரை இன்னொரு தடவை அந்த ரோட்டோரத்தில் நிறுத்துகிறேன்.

முடிவு இ: கோபாலசாமியே நெருப்பைத் தாண்டி உள்ளே ஓடி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார். இதை ஆசையாக எழுதினேன். பிறகுதான் உறைத்தது. அப்படி நடந்திருந்தால் காபிக்கு முன்னாலேயே சொல்லியிருப்பார். அவர் ஏன் உள்ளே போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நான் அவர் முகத்தைப் பார்த்தவன், என்னால் கேட்க முடியவில்லை.

சோஹாரிலிருந்து வருகிற யாரையாவது விசாரித்தால் ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும். விசாரிக்கவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை.

காலையில் ஒருவர் உன் நெற்றியைத் தொட்டு, ஒன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்புகிறார். கண் விழித்தால் சுற்றிலும் நெருப்பு. அதே மனிதர் இப்போது நெருப்புக்குள்ளே வா என்கிறார். நீ போவாயா? வாரம் முழுக்க என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் போவேன் என்று தோன்றுகிறது, மறுநாள் இல்லை.

6

வெள்ளிக்கிழமை. சொன்னபடியே வந்துவிட்டார். காபி வேண்டாம் என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். முடிவுகளை எழுதிய பக்கத்தை நான் கொடுக்கவில்லை. "பொன்னுச்சாமி அவரைப் பார்த்தான்" வரைக்கும்தான் கொடுத்தேன்.

கடைசி வரிக்கு வந்தவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான் சார்."

மறுபடியும் கடைசி வரியைப் படித்தார். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டார். சந்திரகலா கதவோரத்தில் வந்து நின்றாள்.

"அப்போ, இதுல அவன் இன்னும் நின்னுட்டுத்தான் இருக்கான். இல்லீங்களா?"

"ஆமா சார். நின்னுட்டுத்தான் இருக்கான்."

"அப்படியே விட்டுடுங்க" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். "யாரு கேட்டாலும் அதுக்கு மேல எழுதாதீங்க."

எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, நான் உள் அறைக்கு வந்து இந்தக் கடைசிப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கிறேன். வாசகரே, எனக்கு வாக்குத் தவற மனமில்லை. முடிவு வேண்டும் என்றால் நீங்களே அவனை எந்தப் பக்கமாவது ஓடவிடுங்கள். மனசுக்குள்ளேயே செய்யுங்கள், சத்தமாகப் படிக்க வேண்டாம். சார் இன்னும் ஹாலில் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.