பாஸான வண்டி

1

இந்தக் கதை ஒரு ஸ்டிக்கரிலிருந்து வந்தது. கடப்பாக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் பழைய அம்பாசிடர் ஒன்று, சக்கரம் மணலில் புதைந்து நின்றது. முன்கண்ணாடியில் புகைச் சோதனையில் தேறிய ஸ்டிக்கர், 2003ஆம் வருடத்தது. பின்கதவுக் கண்ணாடி பாதி இறங்கிக் கிடந்தது. வண்டி ஓடாதா என்று கேட்டேன். "ஓடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிக்காரர் உள்ளே போய்விட்டார். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. கங்காதரன் என்ற பெயர் உட்பட.

2

அன்று கடல் அமைதியாக...

வேண்டாம். கடல் எப்படி இருந்தால் கங்காதரனுக்கு என்ன? பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, ஏதோ ஒரு ஓட்டை வேனின் டீசல் இன்ஜினை ஏற்றிய வண்டி அவனுடையது. கிளப்பினால் தெருவே கறுக்கும். புகைச் சோதனையில் தேறாவிட்டால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று கிடைக்காது, எஃப்.சி. இல்லாமல் டாக்சி ஓட்ட முடியாது. அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது.

மெக்கானிக் ராமதாஸ் வழக்கமான வேலையைச் செய்தான். டீசல் பம்பில் ஒரு திருகு உண்டு. அதைக் குறைத்து வைத்தால் புகை அடங்கும், கூடவே இழுவையும் போய்விடும். சோதனை முடிந்ததும் பழையபடி ஏற்றிவிட வேண்டும். (அந்தப் பக்கத்து டிரைவர்கள் யாரும் இதை ஏமாற்று என்று நினைப்பதில்லை. பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குத் தலை வாரிவிடுவது மாதிரி.)

"பாஸானதும் நேரா இங்க வந்துடு அண்ணாத்த. இப்டியே ஓட்டுனா, ஆளுங்க ஏறுனாலே பேஜாரு பண்ணும்."

வண்டி பாஸாகிவிட்டது.

3

[இங்கே கங்காதரனின் மனைவி வச்சலா வருகிறாள். வீசிங்காரி. புகைக் கதையில் மூச்சு நோயாளியா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. நானும் அவளுக்குச் சர்க்கரை வியாதி கொடுத்துப் பார்த்தேன். அப்படியென்றால் இனி வரப்போகும் தவறைச் செய்யவே மாட்டேன் என்றுவிட்டான் கங்காதரன்.]

புருஷன் டாக்சி வைத்திருந்தும் பஸ்ஸில் போகிறவள் அவள். வண்டியில் ஏறினால் இருமிச் சாகவேண்டும். ஸ்டிக்கர் ஒட்டி வந்த அன்று அவளைக் கெஞ்சி ஏற்றிக்கொண்டு ஆலம்பரைக் கோட்டை வரை போய் வந்தான்.

"இன்னாய்யா, ஒரு இருமல்கூட வர்ல! இப்டியே வுட்டுடேன்."

"ஏத்தத்துல இழுக்காதுமே."

"இங்க ஏது ஏத்தம்? எல்லாம் சமமாத்தான கீது?"

அவள் எதையும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. கங்காதரனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ராமதாஸின் பட்டறைப் பக்கமே அவன் போகவில்லை. இதைக் குற்றம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

4

ஐப்பசி மழையில் வச்சலாவுக்கு இழுப்பு வந்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

அவர்கள் குப்பத்தில் நோயாளியைத் தனியாக அனுப்பும் வழக்கம் கிடையாது. கங்காதரனின் அக்கா பானுமதி ஏறினாள், அவள் புருஷன் ஏறினான், சித்தி அமிர்தவல்லி ஏறினாள், பக்கத்து வீட்டுக்காரர்களும் ஏறினார்கள். யாரையாவது இறங்கச் சொன்னால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

வழியில் ஓர் ஏரிக்கரை ஏற்றம். வண்டி முனகிவிட்டு நின்றது. வச்சலாவைத் தவிர எல்லோரும் இறங்கிச் சேற்றில் தள்ளினார்கள். கரைமேல் ஊர்ந்து ஏறியது. செங்கல்பட்டு இன்னும் தூரம். வச்சலாவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

கங்காதரன் பானட்டைத் திறந்து, ஸ்பேனரைத் திருகின்மேல் வைத்தான்.

5

முதல் முடிவு: திருகை ஏற்றுகிறான், வண்டி பாய்கிறது, அவள் பிழைக்கிறாள். எழுதிப் பார்த்தேன். அந்தக் கரும்புகை எங்கே போயிற்று என்று எனக்கே பதில் தெரியவில்லை.

இரண்டாவது முடிவு: திருகைத் தொடவில்லை. ஊர்ந்தே போகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் பானுமதி பின்கதவைத் திறந்து...

முடிக்க என்னால் ஆகவில்லை.

ஆகவே அவன் இன்னும் அங்கேதான் மழையில் நிற்கிறான். "இன்னாடா நின்னுகினு கீற? எதனா பண்ணுடா!" என்று பானுமதி கத்துகிறாள். புகை வரப்போகிறது என்று வச்சலாவுக்கும் புரிந்துவிட்டது. கண்ணாடியை ஏற்றப் பார்க்கிறாள். அது பாதிக்குமேல் ஏறாது. முதல் பத்தியிலேயே சொன்னேன்.

ஸ்பேனரை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கடப்பாக்கம் போய் அந்த மனிதரிடம் இன்னொரு தடவை கேட்க எனக்குத் தைரியமில்லை.