அப்பாவின் முழங்கால்

தச்சர் டேப்பை இழுத்துக்கொண்டு அப்பாவின் உடலருகே குனிவதற்குள் மகள் சொல்லிவிட்டாள்.

"நூத்தி எழுபத்தொண்ணு. தோள் அகலம் நாப்பத்தஞ்சு."

தச்சர் நிமிர்ந்து பார்த்தார். சவப்பெட்டிக்கு அளவு கேட்டால் உடைந்து அழுகிற பிள்ளைகளைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

"தையல்காரன்கூட இவரை இப்படி அளந்ததில்லை. எல்லாம் இவ பண்ண வேலை" என்றாள் அம்மா. அழுகைக்கு நடுவே லேசாகச் சிரிப்பும் வந்தது.

ஆறு ஏறினால் எங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணினி வரைபடத்தில் நிறம் காட்டுவது மகளின் உத்தியோகம். வானத்திலிருந்து எடுத்த அளவுகளுக்கு ஊரே அத்துப்படி, ஆனால் அவர்கள் வீட்டுக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் சந்து மட்டும் பிடிபடவில்லை. நெருக்கியடித்து நின்ற கூரைகளையே தரை என்று எடுத்துக்கொண்டு, பள்ளத்தை மேடாக்கி, ஆபத்தில்லை என்று எப்போதும் பச்சை காட்டியது.

"உன் கம்ப்யூட்டர் பச்சையடிச்சுட்டு இருக்கட்டும். தண்ணி பின்னாடி வாய்க்கால் வழியா வருது" என்பார் அப்பா. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் சந்து முனையில் இறங்கி நின்று போன் போடுவார். "கணுக்கால்." கொஞ்ச நேரம் கழித்து, "முழங்கால்." முதலில் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அவரைக் கதவோரம் நிறுத்தி உள்ளங்காலிலிருந்து உச்சிவரை அளந்து, அவர் சொன்னதையெல்லாம் சென்டிமீட்டராக்கி வரைபடத்தில் ஏற்றினாள். போன வருடம் சந்து முதல்முறையாகச் சிவந்தது. நாற்பது குடும்பங்கள் நேரத்தோடு மேடேறின.

போன் அடித்தது. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்.

"மேல அணையைத் திறந்துட்டாங்க. இன்னைக்குப் போய் உங்களைக் கேட்கக் கூடாதுதான். ஆனா சந்து முனை அளவு இல்லாம எச்சரிக்கை விட முடியல."

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பார்க்கிற? அவர் இருந்தா இந்நேரம் பேண்ட்டை மடிச்சு விட்டிருப்பாரு. போயிட்டு வா."

சந்து முனையில் அப்பா வழக்கமாக நிற்கும் கல்லின் மேல் ஏறி நின்றாள். தண்ணீர் அவள் முழங்காலுக்கு மூன்று விரல் மேலே இருந்தது. அவள் அம்மாவைப் போலக் குட்டை.

"முழங்கால்" என்றாள் போனில்.

"உங்களதா, அப்பாவோடதா?"

"அப்பாவோடது."

"அப்போ நாப்பத்தொம்பது." விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "சிவந்துடுச்சு. எச்சரிக்கை போயிடுச்சு. அணைத் தண்ணி வந்து சேர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு, எல்லாரும் தாராளமா வெளிய வந்துடலாம். அப்பாகிட்ட தேங்க்ஸ் சொல்லிடுங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒவ்வொரு முறையும் இதைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் வேலை மும்முரத்தில் அவள் அதை அப்பாவிடம் சொல்ல மறந்துவிடுவாள்.

"சொல்றேன்" என்றாள்.

அவள் திரும்பி நடக்கையில் சந்திலிருந்து ஆட்கள் மூட்டையும் பிள்ளைகளுமாக மேடேறத் தொடங்கியிருந்தார்கள். ஈரக்காலோடு அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் தச்சர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு விலகி நின்றார். அவள் அப்பாவின் காதருகே குனிந்தாள்.